பெயிண்டர் படத்துக்கு நான் சொன்ன பதவுரை

பண்டிகை நாளில் பிரியாணி தின்றுவிட்டுப் பார்க்கிற எந்தப் படத்திலும் வாழ்க்கையின் அர்த்தம் தெரியும். இது என் அனுபவ உண்மை. பசியோடு பார்த்தால் கதையில் இருக்கிற ஓட்டை தெரியும், கதாநாயகன் வைத்திருக்கிற விக் தெரியும். வயிறு நிறைந்து, சட்டையின் கடைசிப் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து பார்க்கும்போதுதான் அர்த்தம், நோக்கம், தத்துவம் எல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கும். நானும் அப்படி ஒரு கிறிஸ்துமஸ் படத்தில் அர்த்தம் கண்டுபிடித்தவன். கண்டுபிடித்ததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. ஒரு ஹால் நிறைய ஆட்களை உட்காரவைத்து அதை எடுத்துச் சொன்னேன். என்னைக் கட்டிக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெண்ணும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மஸ்கட்டில், ரூவியில், ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன். (சொல்லாமலே தாண்டிவிட முடியுமா என்றும் பார்க்கிறேன்.) ரூமில் என்னோடு இருந்தவர் செய்யது காக்கா. காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குளச்சல்காரனான நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் ரூவியில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். பச்சை என்று நீங்கள் வாயெடுப்பதற்குள் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை என்று மேஜையில் விரித்துப்போட்டுவிடுகிற ஆள். வாசலில் வருகிற அம்மா என்ன கலர் எடுப்பாள் என்று அவள் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சைட்டில் இருந்த அமெரிக்க என்ஜினீயர் ஒருவர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, கொண்டுபோக மனமில்லாத சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். அரை பாட்டில் ஷாம்பூ, பட்டையான ஒரு டை, ஒரு வீடியோ கேசட். கேசட்டின் மேல் கிறிஸ்துமஸ் என்று மட்டும் பேனாவால் கிறுக்கியிருந்தது. ஷாம்பூ ஒரு வாரத்தில் தீர்ந்தது. டையும் கேசட்டும் என் வாழ்க்கையில் புகுந்தன.

வளைகுடாவில் டிசம்பர் இருபத்தைந்து எந்தக் கிழமையில் வந்தாலும், எங்களுக்குக் கிறிஸ்து பிறப்பது அதை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமையில்தான். அன்றுதானே லீவு! காலையில் கோயிலில் பூசை, மதியம் ரூமில் காக்கா கையால் பிரியாணி, அப்புறம் படம். முதல் வருஷம் அந்தக் கேசட்டைப் போட்டோம். கறுப்பு வெள்ளைப் படம். திரையின் மேலே ஒரு கோடு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பழைய படம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

கதை ரொம்பச் சின்னது. பனி கொட்டுகிற ஒரு சிற்றூர். ஆலை மூடிக்கிடக்கிறது, ஊரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறது. வேலையில்லாத பெயிண்டர் ஒருவன் கிறிஸ்துமஸ் வருகிறது என்று ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் சும்மாவே பெயிண்ட் அடித்துக்கொண்டு போகிறான். முதலில் விரட்டுகிறார்கள். பிறகு கதவைத் திறந்து பார்த்து ஒரே ஒரு வார்த்தை கத்துகிறார்கள், அழுகிறார்கள், அவனைக் கட்டிப்பிடிக்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

இதில் ஒரு சங்கடம். அவன் அடிப்பதற்கு முன்னால் கதவு சாம்பல் நிறம். அடித்த பிறகும் சாம்பல் நிறம். பத்து டப்பாவைத் திறந்து பார்த்து, யோசித்து, தலையைச் சொறிந்து, ஒன்றை எடுத்து அடிக்கிறான். அதுவும் சாம்பல்! "இந்த ஆளுக்கு மண்டையில என்னவும் கோளாறா?" என்று ரூமில் ஒருத்தன் கேட்டான். அங்கேதான் எனக்கு ஞானம் பிறந்தது.

"கோளாறு இல்லடே. அடிச்ச பெயிண்டையே திரும்ப அடிக்கான். ஒண்ணும் மாறாதுன்னு அவனுக்குத் தெரியும். ஆனாலும் அடிக்கான். நாம காலையில எந்திச்சு அதே பஸ்ல ஏறி அதே சைட்டுக்குப் போகலியா? அந்த மாதிரி. டூட்டிடே, டூட்டி!"

காக்கா மூக்கை உறிஞ்சினார். "யா அல்லாஹ், நம்ம கதையை எவனோ அமெரிக்காவுல எடுத்து வச்சிருக்கான் பாருங்கோ" என்றார். அவர் கல்யாணமாகி மூன்றாம் மாதம் மஸ்கட்டுக்கு வந்தவர், பிள்ளை நடக்கத் தொடங்கியதைப் போட்டோவில் பார்த்தவர். அன்று அவர் அழுததைக் கேலி செய்ய எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.

ஆனால் என்னைக் கேலி செய்யலாம். தாராளமாகச் செய்யலாம். ஏனென்றால் அடுத்து, படத்தின் வசனத்துக்கும் நான் அர்த்தம் சொல்லத் தொடங்கினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்றால் வினைச்சொல்லின் மூன்று காலம்தான். வாத்தியார் பிரம்பை ஆட்ட, நாங்கள் ராகம் போட்டுப் பாடுவோம்: 'ரீட், ரெட், ரெட். ப்ளோ, ப்ளூ, ப்ளோன். ரைஸ், ரோஸ், ரிசன்.' மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்தப் பாட்டு மறக்கவில்லை. படத்தில் ஒரு கிழவி கதவைப் பார்த்து "ரெட்!" என்று கத்தினாள். சாம்பல் கதவைப் பார்த்துக் கத்துகிற வார்த்தைக்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

"படித்தேன்! அப்படீங்கா. வாழ்க்கையை இப்பதான் படிச்சேன்னு சொல்லுதா."

தாடிக்காரர் ஒருவர் "ப்ளூ!" என்று கத்தினார். "ஊதிவிட்டது! துன்பமெல்லாம் காத்துல ஊதிட்டுப் போச்சாம்." ஓர் இளம் ஜோடி "ரோஸ்!" என்று துள்ளியது. "எழுந்தார்! பாத்தியா, கிறிஸ்துமஸ் படத்துக்குள்ளேயே ஈஸ்டரையும் வச்சிட்டான்!"

ஐயோ, ஐயோ! அந்த வயதில் ஒருத்தனாவது என் மண்டையில் தட்டியிருக்கக் கூடாதா? தட்டவில்லை. மாறாக, பெயர் பரவியது. அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி கேம்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மூன்றாவது வருஷம் எங்கள் கோயில் பங்கில் இருந்த தமிழர்களுக்கெல்லாம் அண்ணனான ஞானதாஸ் அண்ணனே வந்து உட்கார்ந்து பார்த்து, "வோய், பிரசங்கம் கேட்ட மாதிரி இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். போகிறபோது வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு இன்னும் பொண்ணு அமையல்லியோடே?"

அமையவில்லை. மூன்று சம்பந்தம் வந்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. நான் படித்தது ஐ.டி.ஐ., அதுதான் காரணம். ஊரில் அம்மா மாதாவுக்கு நேர்ச்சைக்கு மேல் நேர்ச்சையாக நேர்ந்துகொண்டிருந்தாள். எனக்கும் முப்பது தாண்டிவிட்டது. வெளியில் சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் பயம்தான். இந்த ரூமிலேயே கிழவனாகிப் போவேனோ என்று இருந்தது.

ஞானதாஸ் அண்ணன் ஒரு பெண்ணைச் சொன்னார். அவர் மனைவி லீலா அக்காவோடு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஸ்டெல்லா. முட்டத்துக்காரி. முன்பு சவுதியில் வேலை பார்த்தவள். இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு. நானா, ஐ.டி.ஐ. அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்றார் அண்ணன்.

"பொண்ணு பாக்குத மாதிரி இருக்கப்பிடாது. படம் பாக்குத மாதிரி இருக்கணும், கேட்டியா? அவளுக்கு மாப்பிளைக்க படிப்பு கம்மின்னு ஒரு யோசனை உண்டு. நீ அந்தப் பெயிண்டர் படத்தைக் கொண்டுவா. நீ சொல்லுத அர்த்தத்தைச் சொல்லு. அவ விழுந்திருவா."

விழுந்தது யார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அண்ணன் வீட்டு வீடியோ டெக்கில் ஹெட் போயிருந்ததால் எங்கள் டெக்கையே கொண்டுபோக வேண்டியதாயிற்று. காக்கா அதைப் புதுக் கைலியில் சுற்றி, பிறந்த பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்தார். நான் அமெரிக்கனின் டையைக் கட்டியிருந்தேன். (அரைக்கைச் சட்டைக்கு டை. கேட்காதீர்கள்.) வழியெல்லாம் காக்கா எனக்குப் பாடம் எடுத்தார். "தம்பி, அந்தக் கடைசி சீன்ல அவசரப்படாதீங்கோ. நிறுத்தி நிதானமாச் சொல்லுங்கோ. எனக்கே அங்கதான் தொண்டை அடைச்சிக்கிடும்."

ஹால் நிரம்பியிருந்தது. பங்கிலிருந்து குடும்பங்கள், லீலா அக்காவோடு வேலை பார்க்கிற நர்ஸுகள், மூலையில் பஞ்சில் பனி ஒட்டிய குடில். டி.வி. பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண், மடியில் முறுக்குத் தட்டோடு. அக்கா கண்ணைக் காட்டினாள். அதுதான் ஸ்டெல்லா. நான் தலையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். முறுக்கைக் கடித்த சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

படம் ஓடத் தொடங்கியது. நானும் ஓடத் தொடங்கினேன். அன்று வந்த மாதிரி எனக்குத் தமிழ் என்றும் வந்ததில்லை. அவன் டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கும்போது, "எல்லாம் ஒரே பெயிண்டுதான். ஆனாலும் தேடுதான். மனுசன் மனசு அப்படித்தான், ஒண்ணுமில்லாத இடத்துலயும் வித்தியாசம் தேடும்" என்றேன். கிழவி "ரெட்!" என்றாள். "படித்தேன்!" என்றேன். நர்ஸுகள் பக்கம் லேசாக ஒரு சலசலப்பு. உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஸ்டெல்லா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள், பாவம்! இனி நேர்ச்சை செலுத்த அம்மா நடக்க வேண்டியதுதான் பாக்கி என்று முடிவே செய்துவிட்டேன்.

கடைசி சீன் வந்தது. விடிந்துவிட்டது, தெரு முழுக்க ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார்கள். தெருமுனையில் பெயிண்டர் தூரிகையோடு நிற்கிறான். காக்கா சொன்னபடி நிறுத்தினேன், நிதானித்தேன். எழுந்தே நின்றுவிட்டேன்.

"பாத்தியளா? ஒண்ணும் மாறல்ல. இந்தத் தெருவுல ஒரு கதவுகூட மாறல்ல. அவன் அடிச்சதெல்லாம் வீண். ஆனா பாருங்க, அவன் சிரிக்கான்! செய்யுத வேலைக்க அர்த்தம் கதவுல இல்ல, அவனுக்க நெஞ்சுல இருக்கு!"

பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஞானதாஸ் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் ஸ்டெல்லா. முறுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, டெக்குக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தடவினாள். 'டக்' என்று ஒரு சத்தம். டி.வி. ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. தெரு முழுக்கக் கலர்!

சிவப்புக் கதவு. நீலக் கதவு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. பெயிண்டரின் தாடையில்கூட ஒரு சொட்டு ஊதா இருந்தது. அவன் ஏன் சிரித்தான் என்று ஹாலில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் காக்கா. நாலு வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்து அழுத அதே காக்கா. தொழில் புத்தி முந்திக்கொண்டது. "அது அரக்கு! அந்தா, அது மயில் கழுத்து! மாஷா அல்லாஹ், மூலையில ராமர் பச்சை! அந்த ஜோடி வீட்டைப் பாருங்கோ, வெங்காயச் சருகு கலரு!" என்று கடையில் சேலை விரிக்கிறவரைப் போலக் கத்தினார்.

"இது அமெரிக்கா கேசட்டு" என்றாள் ஸ்டெல்லா, யாரையும் பார்க்காமல். "நம்ம கேசட்டுக்கு ஸ்விட்ச் ஒரு பக்கம் இருக்கணும், இதுக்கு மறுபக்கம். மாத்தலேன்னா கலர் வராது. சவுதியில எங்க ஹாஸ்டல் டெக்லயும் இதே கதைதான்."

அதோடு விட்டிருக்கலாமே! விட்டார்களா? "ரிவைண்ட் பண்ணுங்கடே!" என்று ஒரு குரல் வந்தது. ரிவைண்ட் பண்ணினார்கள். சிவந்த கதவின் முன்னால் கிழவி "ரெட்!" என்றாள். ஹால் முழுவதும் ஒரே குரலில், "படித்தேன்!" தாடிக்காரர் நீலக் கதவைப் பார்த்து "ப்ளூ!" என்றார். "ஊதிவிட்டது!" ஜோடி "ரோஸ்!" என்றதும், சற்றுமுன் கண்ணாடியைத் துடைத்த ஞானதாஸ் அண்ணனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எழுந்தார்!" என்று கத்தினார். நான்தான் உட்காரவும் தெரியாமல் எழுந்தவன் எழுந்தபடியே நின்றேன். அப்போதுதான் அண்ணனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"லே, நீ கம்பெனியில எலக்ட்ரீஷியன்தானே?"

ஆமாம். தாண்டிவிட முடியவில்லை. நான் எலக்ட்ரீஷியன். ஸ்விட்ச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கேக் கொடுத்தார்கள். தொடாமல் வைத்துவிட்டேன். டெக்கைக் கைலியில் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படி இறங்கினேன். நாலாவது சம்பந்தமும் போயிற்று. இந்த முறை ஐ.டி.ஐ. மேல் பழியைப் போட முடியாது. காக்கா டாக்ஸி பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். "விடுங்கோ தம்பி, கலாஸ், முடிஞ்சிபோச்சு" என்றார். அந்த மனுஷனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. துணி விற்கத்தான் தெரியும்.

கீழ்ப்படியில் நிற்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். ஸ்டெல்லா. மறந்துவிட்டுப்போன கேசட்டை நீட்டினாள்.

"கோவமா?" என்றாள்.

"எனக்கா? சேச்சே." (டெக்கின் வயர் என் காலைச் சுற்றியிருந்தது.)

"முதல் நிமிஷமே எனக்குத் தெரியும். மேல கோடு ஓடிச்சில்லா."

"பின்னே அப்பவே சொல்லப்பிடாதா?"

"எவ்வளவு தூரம் போவீங்கன்னு பாத்தேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "நான் தினமும் அதே பெட்டுல அதே வெள்ளை விரிப்பைத்தான் விரிக்கேன். ஆள் மாறும், விரிப்பு மாறாது. நீங்க சொல்லச் சொல்ல எனக்கு அதுதான் ஓர்மை வந்துச்சு. கலர்ல பாத்தா அவன் ஒரு நல்ல பெயிண்டர், அவ்வளவுதான். நீங்க சொன்ன ஆளை நினைச்சுதான் எனக்கு அழுகை வந்துச்சு."

வாயில் வந்தது ஒன்றுதான். "அப்ப ஸ்விட்சை ஏன் மாத்தினிய?"

"கட்டிக்கிடப்போற ஆளை எத்தனை நாள் கறுப்பு வெள்ளையில விட்டு வைக்கிறது?" என்று சொல்லிவிட்டு மேலே ஓடிவிட்டாள். டாக்ஸியில் ஏறிய பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு உறைத்தது. டெக்கைக் காக்காவின் மடியில் போட்டுவிட்டு, ரூம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அவர் குர்ஆனிலிருந்து ஆயத்துல் குர்ஸி ஓதி என் தலையில் ஊதினார்.

அடுத்த லீவில் கல்யாணம். காக்கா சேலை எடுத்துக் கொடுத்தார். வெங்காயச் சருகு கலர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு விமோசனம் கிடையாது. துணிக்கடையில் ஸ்டெல்லா நீலச் சேலையைக் காட்டி, "அந்த ஊதினதை எடுங்க" என்பாள், கடைக்காரன் முழிப்பான். நான் காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் மகள்கள் இரண்டு பேரும் "ரோஸ்!" என்று கத்துவார்கள். செய்தியைப் பார்த்து நான் ஏதாவது கருத்துச் சொல்ல வாயெடுத்தால் போதும், "அப்பா, முதல்ல பின்னால ஸ்விட்சைப் பாருங்க" என்பார்கள். சம்பந்தி வீட்டாருக்கும் விஷயம் போய்விட்டது. அவர்கள் வீட்டு நாய்க்கும் தெரிந்திருக்கும்.

ஸ்டெல்லா போன கிறிஸ்துமஸை ஒட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கடைசி டூட்டி முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பூச்செண்டை மேஜையில் போட்டுவிட்டு, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அந்தப் பெயிண்டர் படத்தைப் போடுங்க" என்றாள். மகள் எங்கிருந்தோ தேடிப்பிடித்து எடுத்துக் கொடுத்த நல்ல பிரிண்ட் இருந்தது. போட்டேன். பளிச்சென்று கலரில் வந்தது.

"கலர் வேண்டாம்."

ரிமோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பி அமுக்கினேன். சத்தம் கூடியது, மொழி மாறியது, ஒருமுறை டி.வி.யே அணைந்துபோனது. "நல்ல எலக்ட்ரீஷியன்" என்று சொல்லிவிட்டு, அவளே வாங்கி எங்கேயோ போய்க் கலரை முழுக்கக் குறைத்தாள். கதவுகள் எல்லாம் சாம்பலாயின. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிழவி கதவைத் திறந்து வாயைத் திறந்தாள். ஸ்டெல்லா என் கையை இடித்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்கிய? சொல்லுங்க."

"படித்தேன், அப்படீங்கா" என்றேன்.